எழுத்தும் ரெட்டரிக்கும் மேஜராக: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாற்றுப் படிப்புகளோடு ஓர் ஒப்பீடு

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இளங்கலையில் சேரும் மாணவர், பொறியியல் போன்ற சில துறைகளைத் தவிர, தம் மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்துறையை, சேர்க்கையின்போதே முடிவு செய்தாக வேண்டியதில்லை; பெரும்பாலான இடங்களில் இரண்டாம் ஆண்டின் இறுதிவரை அவகாசம் உண்டு. எழுத்தில் நாட்டமுள்ள பிள்ளைகளுக்கு அந்த அவகாசம் தேவைப்படவும் செய்கிறது. ஆங்கில இலக்கியம், படைப்பெழுத்து, இதழியல், தகவல்தொடர்பியல், தொழில்நுட்ப எழுத்து என்று ஏற்கெனவே பல பெயர்கள் இருக்க, அவற்றுக்கு நடுவே ‘ரைட்டிங் அண்ட் ரெட்டரிக்’ (எழுத்தும், கேட்போரை இணங்கவைக்கும் சொற்கலையும்) என்றொரு மேஜரும் கண்ணில் படும். நம் வீடுகளில் இந்தப் பெயரைக் கேட்டதும் எழும் கேள்வி ஒன்றுதான்: இதைப் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவது? கேள்வி நியாயமானதே. அதற்கு விடை காணுமுன், இந்தப் படிப்பில் நான்கு ஆண்டுகள் என்ன நடக்கிறது, பக்கத்துத் துறைகளில் நடப்பதிலிருந்து அது எங்கே விலகுகிறது என்று பார்த்தாக வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது படிப்பவருக்கு வசதி. எழுத்தையும் ரெட்டரிக்கையும் மேஜராக எடுப்பது தக்க தேர்வுதான்; ஆனால் எழுதுவதற்கென்று ஒரு பொருளைத் தரும் இன்னொரு துறையோடு சேர்த்து எடுக்கும்போதே அது முழுப் பயன் தருகிறது. ஒரே மேஜரோடு நிற்கப் போகிறவருக்கு நான் ஆங்கில இலக்கியத்தையே பரிந்துரைப்பேன். மாணவர் விசாவில் செல்பவருக்குக் கணக்கு வேறு. அதைப் பின்னால் தனியாகப் பார்க்கலாம்.

கேட்போரை இணங்கவைக்கும் பேச்சு எவ்வாறு அமைகிறது என்ற ஆராய்ச்சியே ரெட்டரிக்கின் தொடக்கம். பேசுபவரின் நம்பகத்தன்மை, கேட்போரின் உணர்ச்சி, வாதத்தின் தருக்கம் என்று அரிஸ்டாட்டில் வகுத்த மூன்றும் இன்றுவரை முதலாண்டு வகுப்பில் கற்பிக்கப்படுகின்றன. இடைக்கால ஐரோப்பாவில் இலக்கணத்தோடும் தருக்கத்தோடும் சேர்ந்து அடிப்படைக் கல்வியின் மூன்று பாடங்களில் ஒன்றாக அது இருந்தது. ஹார்வர்டில் இதற்கென ஏற்பட்ட பாய்ல்ஸ்டன் பேராசிரியர் பதவியில் 1806இல் முதலாவதாக அமர்ந்தவர், பிற்பாடு அமெரிக்காவின் ஆறாவது குடியரசுத் தலைவரான ஜான் குவின்ஸி ஆடம்ஸ். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் நிலைமை தலைகீழாயிற்று. ஆங்கிலத் துறைகள் இலக்கியத்தின் பக்கம் சாய்ந்தன; எழுத்துப் பயிற்சியோ, 1885இல் ஹார்வர்ட் முதலாண்டு மாணவருக்குக் கொண்டுவந்த கட்டாயக் கட்டுரை வகுப்பின் வழியில், பிழை திருத்தும் ஒற்றைப் பாடமாகப் பல இடங்களில் சுருங்கிப்போனது. 1914இல் பேச்சுக்கலை ஆசிரியர்கள் ஆங்கில ஆசிரியர் சங்கத்தை விட்டு வெளியேறித் தனிச் சங்கம் கண்டார்கள். இன்றைய தகவல்தொடர்பியல் துறைகள் பலவற்றின் வேர் அங்கே இருக்கிறது. எழுத்தாசிரியர்கள், அதாவது எழுத்துப் பயிற்சி தரும் ஆசிரியர்கள், 1949இல் தமக்கென ஒரு மாநாட்டமைப்பை நிறுவி, ஆய்வுத்துறையாக வளர்ந்து, பிற்காலத்தில் சிற்சில இடங்களில் ஆங்கிலத் துறையிலிருந்து பிரிந்தும் போனார்கள். பொருள் பழையது என்றாலும், இளங்கலை மேஜர் என்ற வகையில் இது பெரும்பாலும் அண்மைப் பத்தாண்டுகளில் உருவானதே.

ஒரே பெயர் இடத்துக்கு இடம் வேறுபட்ட படிப்பைக் குறிப்பதற்கு இந்தப் பாகப்பிரிவினைதான் காரணம். கலிபோர்னியாவின் பெர்க்லியில் ரெட்டரிக் துறை என்பது தத்துவம், சட்டம், திரைப்படம், அரசியல் சிந்தனை ஆகியவற்றை நுணுகி வாசிக்கும் கோட்பாட்டுத் துறை. பாலினக் கோட்பாட்டுக்குப் பேர்பெற்ற தத்துவ அறிஞர் ஜூடித் பட்லர் நெடுங்காலம் பணியாற்றிய இடம் அது. வேலைக்கான எழுத்துப் பயிற்சியை எதிர்பார்த்து அங்கே சேர்பவர் ஏமாந்துபோவார். ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ரெட்டரிக்குக்கும் எழுத்துக்கும் ஆங்கிலத் துறையிலிருந்து தனித்த ஒரு துறை உண்டு. வாதத்துக்கும் டிஜிட்டல் எழுத்துக்கும் அங்கே இடம் அதிகம். சிராக்யூஸ் பல்கலைக்கழகமும் மத்திய புளோரிடா பல்கலைக்கழகமும் எழுத்து என்ற செயலையே ஆய்வுப் பொருளாக வைத்துப் பாடங்களை அமைத்திருக்கின்றன. மிச்சிகன் ஸ்டேட் தொழில்முறை எழுத்தின் பக்கமும், கார்னகி மெலன் தொழில்நுட்ப எழுத்தின் பக்கமும் சாய்பவை. எனவே இந்த மேஜரை எடுக்கலாமா என்று பொதுவில் கேட்பதில் அதிகப் பயனில்லை. எந்தப் பல்கலைக்கழகத்தின் மேஜர் என்று தெரிந்த பிறகே பதில் சொல்ல முடியும்.

ஒரு கடிதம், இரண்டு வகுப்பறைகள்

ஆங்கில இலக்கியத்துக்கும் ரெட்டரிக்குக்கும் உள்ள வேறுபாடு, இரண்டு துறைகளும் ஒரே பனுவலை எடுத்து வாசிக்கும்போது தெளிவாகத் தெரியும். 1963 ஏப்ரலில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதம் இரு துறைகளுக்கும் பொதுவான சொத்து. அந்நகரில் இனப்பாகுபாட்டுக்கு எதிராக நடந்த ஆர்ப்பாட்டங்கள் விவேகமற்றவை, காலப்பொருத்தமற்றவை என்று எட்டு வெள்ளையின மதத் தலைவர்கள் செய்தித்தாளில் அறிக்கை விட்டார்கள். கிங் அதே செய்தித்தாளின் ஓரங்களில் பதிலை எழுதத் தொடங்கினார்.

இலக்கிய வகுப்பு அந்தக் கடிதத்தை ஒரு மரபுக்குள் வைத்து வாசிக்கும். தூதர் பவுல் சிறையிலிருந்து எழுதிய மடல்கள், கிறித்தவ இறையியலாளர்களான அகஸ்டின், அக்வினாஸ் ஆகியோரின் கருத்துகள், அமெரிக்கக் கறுப்பினத்தாரின் தேவாலயப் பிரசங்க மரபு ஆகியவை அதில் எங்கெங்கே எதிரொலிக்கின்றன, உருவகங்கள் எப்படி ஒன்றோடொன்று பிணைகின்றன என்று கேட்கும். முடிவில் மாணவர் ஒரு விளக்கக் கட்டுரை எழுதுவார். அதைப் பெரும்பாலும் ஒருவர், அதாவது ஆசிரியர், வாசிப்பார்.

ரெட்டரிக் வகுப்பின் முதற்கேள்வி, இது யாருக்கு எழுதப்பட்டது என்பது. பெயரளவில் அந்த எட்டுப் பேருக்கு. ஆனால் அவர்களுடைய மனம் மாறிவிடும் என்று கிங் எதிர்பார்த்திருக்க வாய்ப்பில்லை. அவர்களுக்குப் பின்னால் நின்று கவனித்துக்கொண்டிருந்த மிதவாத வெள்ளையினத்தாரே அவர் குறிவைத்த வாசகர்கள் என்று படிக்கலாம். அப்படியானால் தொடக்கத்தில் அத்தனை மரியாதை ஏன்? மதகுருமாரால் மறுக்க முடியாத பவுலோடு தம்மை ஏன் ஒப்பிட்டுக்கொள்கிறார்? எல்லாவற்றையும்விட மாணவர்கள் வெகுநேரம் செலவிடுவது ஒரே ஒரு வாக்கியத்தில். பொறுத்திருங்கள் என்று சொல்பவர்களுக்குப் பதிலாக வரும் அந்த வாக்கியம் முந்நூறு சொற்களுக்கு மேல் நீள்கிறது. கும்பல் கொலைகளைக் கண்டபோது, காவலரின் கொடுமையைக் கண்டபோது, கேளிக்கைப் பூங்காவுக்குள் தனக்கு ஏன் இடமில்லை என்று ஆறு வயது மகள் கேட்டு நாக்குழறி நின்றபோது என்று துணைவாக்கியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட, முடிக்கும் வினை வரவே மறுக்கிறது. பொறுத்திருப்பது எப்படி இருக்கும் என்பதை வாசகரே அந்த வாக்கியத்துக்குள் அனுபவித்தாக வேண்டியிருக்கிறது. இதைக் கண்டுகொண்ட மாணவருக்கு அடுத்து வரும் பணி, தம் ஊரில் உண்மையாகவே நிலுவையில் உள்ள ஒரு பிரச்சினை குறித்து, தம்மோடு உடன்படாத ஒரு குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுவது. அது வகுப்புத் தோழர்களின் கையில் சென்று, திருத்தப்பட்டு, மறுபடி எழுதப்பட்டு, சில சமயம் உண்மையாகவே அனுப்பவும் படும்.

மாணவரின் சொந்த எழுத்தே பாடநூலாகிவிடும் இந்த நிலைதான் இம்மேஜரின் பெரிய பலம். ஒரே கட்டுரையை மூன்று முறை திருப்பி எழுதும் பழக்கம், அடுத்தவரின் வரைவைப் படித்து எங்கே இடறுகிறது என்று பெயரிட்டுச் சொல்லும் பழக்கம், இரண்டும் வேறெந்தத் துறையிலும் இவ்வளவு முறையாகக் கிடைப்பதில்லை. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்திறுதல் என்று நன்னூல் பாயிரம் நூலின் குற்றங்களைப் பட்டியலிட்டதை மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்த வகுப்பறை அந்நியமாகத் தோன்றாது. இங்கே அந்தக் குற்றங்களை எழுத்தாளர் உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

குறையும் சிறிதன்று. இலக்கிய மேஜர் நான்கு நூற்றாண்டு ஆங்கில எழுத்தை, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், கடந்து வந்தாக வேண்டும். எழுத்து மேஜரில் பல இடங்களில் இருபதாம் நூற்றாண்டுக்கு முந்திய எதையும் பெரிதாகத் தொடாமலே பட்டம் வாங்கிவிடலாம். வாசிப்பின் கையிருப்பு குறைந்த எழுத்தாளரிடம் உத்திகள் இருக்கும்; நடை இருப்பது அரிது. இரண்டாவது குறை, பொருளின்மை. எப்படிச் சொல்வது என்று நான்கு ஆண்டு கற்றவர், எதைச் சொல்வது என்று கேட்டால் தடுமாறுவதை இந்தத் துறையின் ஆசிரியர்களே அறிவார்கள். அதனால்தான் தனித்த மேஜராக இலக்கியத்தை முன்னே வைத்தேன்: அங்கே எழுத்துப் பயிற்சி குறைவு, ஆயினும் தலைக்குள் போய்ச் சேரும் சரக்கு அதிகம்.

புலம்பெயர்ந்து சென்ற மாணவர்களைப் பொறுத்தவரை ரெட்டரிக் துறைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. மாணவர் தம் வீட்டிலும் வட்டாரத்திலும் வழங்கும் மொழிவழக்கைப் பயன்படுத்த உரிமையுள்ளவர் என்று எழுத்தாசிரியர்களின் மாநாட்டமைப்பு 1974இலேயே தீர்மானம் இயற்றியது. பல மொழிகளுக்கிடையே வாழ்பவரின் ஆங்கிலத்தைக் குறையாகப் பார்க்காமல் வளமாகப் பார்க்கும் ஆய்வுப்போக்கின் முன்னணி அறிஞர்களில் ஒருவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்துப் பின்னர் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான சுரேஷ் கனகராஜா. போர்க்கால யாழ்ப்பாணத்தில் கற்பித்த அனுபவத்திலிருந்து அவர் எழுப்பிய கேள்விகள் இன்று அமெரிக்க முதலாண்டு எழுத்து வகுப்புகளை நடத்துவோரின் பயிற்சியில் இடம்பெறுகின்றன. எனினும் வகுப்பறை காட்டும் இந்தத் தாராளத்தை வேலை கொடுப்பவரும் காட்டுவார் என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே இன்னும் பழைய அளவுகோலே புழக்கத்தில் இருக்கிறது.

படைப்பெழுத்தும் இதழியலும்

கதையும் கவிதையும் எழுதவே விரும்பும் மாணவருக்கு ரெட்டரிக் மேஜர் பொருந்தாது. இதில் எனக்கு ஐயமில்லை. 1936இல் தொடங்கிய அயோவா எழுத்தாளர் பட்டறையின் முறைதான் இன்று படைப்பெழுத்து வகுப்புகளின் பொது முறை: ஒருவர் தம் கதையை முன்கூட்டியே கொடுத்துவிடுவார், பத்துப் பன்னிரண்டு பேர் அதைப் படித்துவிட்டு வந்து வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். இளங்கலையில் இது பெரும்பாலும் ஆங்கில மேஜருக்குள் ஒரு சிறப்புப் பிரிவாகவே கிடைக்கிறது. மேலும், படைப்பெழுத்தில் முதுகலை நுண்கலைப் பட்டத்துக்கு விண்ணப்பிக்க எந்த இளங்கலை மேஜரும் போதும். அங்கே பார்க்கப்படுவது முதன்மையாக எழுத்து மாதிரிதான். கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தரும் முதுகலைத் திட்டங்கள் சில உண்டு. இளங்கலையில் அந்தச் சலுகை அரிது. ஆகவே இளங்கலையில் உயிரியலோ வரலாறோ படித்துக்கொண்டே இரண்டு மூன்று பட்டறை வகுப்புகளில் அமர்ந்துவிட்டு, முழுநேரப் படைப்பெழுத்தை அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவைப்பது பணத்துக்கும் நல்லது, கதைக்கும் நல்லது.

இதழியலை எடுப்பதானால், உண்மையான செய்தியறை உள்ள இடத்தில் மட்டும் எடுக்கலாம். 1908இல் தொடங்கிய மிசௌரி இதழியல் பள்ளியில் மாணவர்கள் அந்த நகரின் செய்தித்தாளுக்கும், பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான தொலைக்காட்சி நிலையத்துக்கும் செய்தி சேகரிக்கிறார்கள். தவறு செய்தால் மறுநாள் ஊர் கேள்வி கேட்கும். அத்தகைய வசதி இல்லாத கல்லூரியில் இதழியலை மேஜராகப் படிப்பதைவிட, பொருளியலோ புள்ளியியலோ படித்துக்கொண்டு மாணவர் செய்தித்தாளில் எழுதுவது மேல். பெரும்பாலான மாணவர் செய்தித்தாள்களில் சேர இதழியல் மாணவராக இருக்க வேண்டியதில்லை.

தகவல்தொடர்பியல் துறையில் பேச்சு, குழு உறவுகள், நிறுவனத் தொடர்பு, ஊடக ஆய்வு ஆகியவற்றோடு கருத்துக்கணிப்பும் ஓரளவு புள்ளியியலும் உண்டு. மக்கள்தொடர்பு, விளம்பரம், தேர்தல் பிரசாரம் போன்றவற்றில் கண் வைத்திருப்பவருக்கும், எழுதுவதைவிடப் பேசுவதில் தேர்ந்தவருக்கும் அது ஏற்றது. எழுத்தை நாடுபவருக்கு அங்கே கிடைக்கும் பயிற்சி குறைவு.

மாத்திரைக் குப்பியின் மேல் எழுதுகிறவர்கள்

வேலை என்ற கேள்விக்கு இந்த வட்டாரத்தில் நேரான விடை தருவது தொழில்நுட்ப எழுத்து. சில பல்கலைக்கழகங்களில் அது தனி மேஜர். பல இடங்களில் எழுத்து, ரெட்டரிக் மேஜருக்குள்ளேயே ஒரு கிளை. கார்னகி மெலன் இதற்கெனப் பட்டம் தரத் தொடங்கியது 1950களில். வகுப்பில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு சிறு பயிற்சியைக் காட்டலாம். ‘இரண்டு மாத்திரை, தினம் இருமுறை’ என்று மருந்துக் குப்பியில் அச்சிடும் வாசகத்தை மாணவரிடம் கொடுப்பார்கள். இலக்கணப் பிழை எதுவும் அதில் இல்லை. மாணவர் அதை வளாகத்துக்கு வெளியே உள்ள சிலரிடம் கொண்டுபோய், வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, பிறகு குப்பியிலிருந்து ஒரு நாளைக்கு உரிய மாத்திரைகளை எண்ணி மேசையில் வைக்கச் சொல்ல வேண்டும். தடங்கலின்றிப் படித்தவர்களிலேயே சிலர் இரண்டு மாத்திரைகளை வைப்பார்கள். ‘காலையில் 2, இரவில் 2’ என்று மாற்றியதும் அந்தத் தடுமாற்றம் பெரிதும் குறைகிறது. படித்தல் வேறு, புரிந்து செயற்படுதல் வேறு என்பதை இதைவிடச் சுருக்கமாகக் கற்பிக்க முடியாது.

பெரிய அளவிலான எடுத்துக்காட்டு 1986 ஜனவரி 28இல் வெடித்துச் சிதறிய சாலஞ்சர் விண்கலம். உந்து ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் அரிக்கப்படுவதால் பேரழிவு நேரலாம் என்று பொறியாளர் ரோஜர் போஷலே முந்திய ஆண்டு ஜூலையிலேயே குறிப்பு எழுதியிருந்தார். ஏவுவதற்கு முந்திய இரவு நடந்த தொலைபேசிக் கூட்டத்தில், குளிரில் அந்த வளையங்கள் இறுகிவிடும் என்று பொறியாளர்கள் எதிர்த்தும், நிர்வாகம் இறுதியில் ஒப்புதல் தந்தது. ஏழு பேர் இறந்தார்கள். வெப்பநிலையையும் வளையச் சேதத்தையும் ஒரே படத்தில் தெளிவாகக் காட்டியிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்பது ஒரு தரப்பு. கையிலிருந்த தரவுகளும் நேரமும் அதற்கு இடம் தரவில்லை, குறை எழுத்தில் இல்லை, கேட்க மறுத்த அதிகாரத்தில்தான் இருந்தது என்பது மறு தரப்பு. தொழில்நுட்ப எழுத்து வகுப்புகளில் இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. எழுத்தின் எல்லை எது என்ற கேள்வியை அது மாணவர் முன் வைப்பதால், என் பார்வையில், எந்தப் பாடநூலையும்விட அதன் மதிப்பு அதிகம்.

இந்தத் திறனுக்குச் சந்தையும் உண்டு. அமெரிக்கக் கூட்டரசின் துறைகள் பொதுமக்களுக்கான ஆவணங்களை எளிய நடையில் எழுத வேண்டும் என்று 2010இல் ஒரு சட்டமே வந்தது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 மே மாதக் கணக்கில் தொழில்நுட்ப எழுத்தாளரின் நடுநிலை ஆண்டு ஊதியம் ஏறத்தாழ 80,000 டாலர். அதாவது பாதிப்பேர் அதற்கு மேலும் பாதிப்பேர் அதற்குக் கீழும் பெற்றார்கள். பதிப்பாசிரியர்களுக்கு அது சுமார் 75,000, எழுத்தாளர்களுக்குச் சுமார் 73,700, செய்தியாளர்களுக்குச் சுமார் 57,500. ‘எழுத்தாளர்’ என்ற வரிசையைப் பார்த்து நாவலாசிரியருக்கு இவ்வளவு வருமானமா என்று மயங்க வேண்டாம். அந்தக் கணக்கு சம்பளத்துக்கு வேலை செய்பவர்களை மட்டும் கொண்டது, சுயமாக எழுதிப் பிழைப்பவர்கள் அதில் சேரவில்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின் இந்தக் கணக்குகளின் மேல் ஒரு நிழல் விழுந்திருக்கிறது. பொருள் விளக்கங்கள், தேடுபொறிக்கான நிரப்புக் கட்டுரைகள், வழக்கமான செய்திமடல்கள் ஆகியவற்றை எழுதித் தொழில் தொடங்கிய பழைய வழி குறுகிவிட்டது. ‘உள்ளடக்க எழுத்து’ என்ற அளவில் மட்டும் பயிற்சி தரும் மேஜரை இன்று எடுப்பது எனக்கு உசிதமாகப் படவில்லை. ஒரு பனுவல் யாரை நோக்கிப் பேசுகிறது, எந்த வாசகர் அதை எங்கே தவறாகப் புரிந்துகொள்வார், அதில் சொல்லப்பட்டதற்கு ஆதாரம் உண்டா என்று தீர்ப்புச் சொல்லக் கற்பிக்கும் மேஜர் அதைவிட நல்ல நிலையில் இருக்கிறது. அந்தத் தீர்ப்புக்கும் பொருளறிவு வேண்டும் என்பதால், இரண்டாவது துறை தேவை என்ற என் வாதம் இப்போது முன்னைவிட வலுப்பெறுகிறது.

விசாவும் சட்டக் கல்லூரியும்

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ செல்லும் மாணவருக்கு, மேலே சொன்ன நயங்களைவிட ஒரு நிர்வாக உண்மை முக்கியமானது. படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி என்ற பெயரில் 12 மாதங்கள் வேலை செய்ய எல்லோருக்கும் வாய்ப்புண்டு. அரசு பட்டியலிட்டுள்ள ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) துறைகளில் பட்டம் பெற்றவருக்கு மட்டும் மேலும் 24 மாதங்கள் நீட்டிப்பு உண்டு. ஆங்கிலம், படைப்பெழுத்து, ரெட்டரிக், தொழில்முறை எழுத்து ஆகியவற்றுக்கான வகைப்பாட்டு எண்கள் அந்தப் பட்டியலில் இல்லை. எச்-1பி என்ற வேலை விசாவுக்கு வேலை கொடுப்பவர், அந்தப் பணிக்குக் குறிப்பிட்ட துறைப் பட்டம் அவசியம் என்று நிறுவ வேண்டும். எழுத்துப் பணிகளுக்கு அதை நிறுவுவது கணினிப் பணிகளுக்கு நிறுவுவதைவிடக் கடினம். ஆகவே விசாவில் செல்பவர் கணினியியல், புள்ளியியல், உயிரியல் போன்ற ஒன்றை முதல் மேஜராக வைத்துக்கொண்டு, எழுத்தை இரண்டாவது மேஜராகவோ, மைனர் எனப்படும் சிறு துணைப்பாடமாகவோ சேர்த்துக்கொள்வதே பாதுகாப்பானது. அங்கேயே குடியுரிமையோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கட்டு இல்லை. அவர்களுடைய பெற்றோர் ஊரிலிருந்து வந்தபோது தாங்கள் அனுபவித்த நெருக்கடியைக் கணக்கில் வைத்துப் பிள்ளையின் மேஜரைத் தீர்மானிப்பது பொருத்தமன்று.

சட்டம் படிக்க எண்ணுபவருக்கு இந்த மேஜர் நன்றாகவே உதவும். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள் குறிப்பிட்ட இளங்கலை மேஜர் எதையும் கட்டாயமாக்குவதில்லை. எல்சாட் நுழைவுத் தேர்வில் 2024 ஆகஸ்டிலிருந்து புதிர்க்கணக்குப் பகுதி நீக்கப்பட்டு, வாதத்தை ஆராயும் பகுதிக்கும் வாசிப்புப் பகுதிக்குமே மதிப்பெண் வழங்கப்படுகிறது. இரண்டும் ரெட்டரிக் வகுப்பின் அன்றாட வேலைகள். அரசியல் அறிவியலோ தத்துவமோ இதோடு சேர்ந்தால் இன்னும் நல்லது.

சேர்த்துப் படிக்க நேரம் இருக்குமா என்ற ஐயம் எழலாம். இளங்கலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் (பாட அலகு) தேவை. எழுத்து மேஜர் ஒன்று அதில் 30 முதல் 40 வரை எடுத்துக்கொள்ளும். பொதுக்கல்விப் பாடங்கள் போக, கலை, அறிவியல் கல்லூரிக்குள்ளேயே உள்ள இன்னொரு மேஜருக்கு இடம் இருக்கிறது. பொறியியலோடு மட்டும் இந்தக் கணக்குப் பொருந்தாது. அங்கே மைனரோடு நிற்பது உடம்புக்கு நல்லது. உயிரியலோடு சேர்ந்தால் மருத்துவ எழுத்து, கணினியியலோடு சேர்ந்தால் மென்பொருள் ஆவணப் பணி, பொதுக்கொள்கையோடு சேர்ந்தால் அரசுத் துறைகளும் தொண்டு நிறுவனங்களும் என்று வழிகள் கிளைக்கும்.

பல்கலைக்கழகங்களை ஒப்பிடும்போது விளம்பரப் பக்கங்களை ஒதுக்கிவிட்டுக் கடந்த இரண்டு ஆண்டுகளின் வகுப்பு அட்டவணையைப் பார்ப்பது நல்லது. பாடத்திட்டத்தில் அச்சாகியிருக்கும் உயர்நிலைப் பாடங்களில் எத்தனை உண்மையில் நடத்தப்பட்டன என்பது அதில் தெரியும். அவற்றை நடத்துவோர் நிரந்தரப் பேராசிரியர்களா, செமஸ்டர் ஒப்பந்தத்தில் வந்துபோகிறவர்களா என்று கேட்க வேண்டும். இந்தத் துறையில் இரண்டாம் வகையினர் அதிகம், அவர்கள் திறமைசாலிகளாக இருந்தாலும், பரிந்துரைக் கடிதம் வேண்டியிருக்கும் மூன்றாம் ஆண்டில் அவர்கள் அங்கே இல்லாமல் போகலாம். இன்டர்ன்ஷிப்புக்குக் கிரெடிட் உண்டா, இறுதியாண்டில் போர்ட்ஃபோலியோ (தம் எழுத்துகளின் தொகுப்பு) கட்டாயமா என்பனவும் கேட்கத்தக்கவை.

முடிவெடுக்க இயலாதவர் முதலாண்டின் கட்டாய எழுத்து வகுப்பை வைத்து இந்த மேஜரை மதிப்பிட வேண்டாம். அது எல்லோருக்குமான பாடம். அதைவிட நம்பத்தக்க சோதனை, பல்கலைக்கழகத்தின் எழுத்து மையத்தில் ஒரு செமஸ்டர் மாணவ ஆலோசகராக வேலை பார்ப்பது. பல இடங்களில் எந்த மேஜர் மாணவரையும் ஒரு பயிற்சி வகுப்புக்குப் பின் அங்கே எடுத்துக்கொள்கிறார்கள், சம்பளமும் தருகிறார்கள். வேதியியல் ஆய்வறிக்கை, செவிலியர் கல்லூரி விண்ணப்பம், வரலாற்றுக் கட்டுரை என்று வரிசையாக வரும் அடுத்தவர் வரைவுகளோடு மாலை முழுதும் உட்கார்ந்திருப்பது அலுப்பூட்டினால், இந்த மேஜரின் மேல்நிலைப் பாடங்களும் அலுப்பூட்டும். டபுள் மேஜருக்கு இரு துறை ஆலோசகர்களின் ஒப்புதலையும் மீதமுள்ள செமஸ்டர்களுக்கான திட்டத்தையும் கேட்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு என்பதால், இந்தச் சோதனையை இரண்டாம் ஆண்டின் முதல் செமஸ்டருக்குள் செய்து முடித்துவிடுவது நல்லது.